எக்ஸ்ரேக்காரர் எடுத்த படம்

ஊர் முழுக்க எலும்பைப் படம் எடுத்துக் கொடுக்கிற மனிதருக்குக் கட்டிய மனைவியின் முகத்தைப் படம் எடுக்கத் தெரியவில்லை. இதை அவள் யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்?

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். போன மாதம்தான் ஆசையாக ஒரு கேமரா வாங்கினார். சனிக்கிழமை வேலைக்காக வெளிநாடு கிளம்பும் மகள், "அப்பா, அம்மாவ ஒரே ஒரு நல்ல படம் எடுத்துக் குடுங்க. என்கிட்ட இருக்கற எதுலயும் அம்மா முகமே சரியாத் தெரியல" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தினமும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அவர் தோளைப் பிடித்து நேராக்குவார், தாடையை நிமிர்த்துவார். பிறகு ஆஸ்பத்திரிக் குரலில், "மூச்ச இழுங்க... பிடிங்க... அசையாதீங்க!" என்பார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் கண்ட மரியாதை அந்த 'ங்க' மட்டும்தான். விழி பிதுங்க நிற்பாள்.

படத்திலோ நட்ட நடுவில் வெள்ளையாய் ஏதோ ஒன்று. மூக்கும் இல்லை, முழியும் இல்லை. "வெளிச்சம் கூடிப்போச்சுப்பா" என்பாள் மகள். "கருப்பாக்கிட்டாப் போச்சு" என்று அவர் கேமராவின் வெளிச்சச் சக்கரத்தைத் திருகுவார். அடுத்த படம் இன்னும் வெளுக்கும். மறுபடி அதே பக்கம் திருகுவார். கடைசியில் சுவர் எது, மனைவி எது என்றே தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் மகளுக்கு விஷயம் பிடிபட்டது. அவர் தொழில் கற்ற எக்ஸ்ரே ஃபிலிமில் கதிர் கூடக்கூடப் படம் கறுக்கும். அதே பழக்கத்தில் மனிதர் பத்து நாளாகக் கேமராவைத் தலைகீழாகத் திருகிக்கொண்டிருந்தார்!

"இதுல கூட்டினா வெளுக்கும்பா, கொறைங்க! அம்மாவ நடுவுல நிறுத்தாதீங்க, ஓரமா விடுங்க."

"ஓரமா விட்டா விலா எலும்பு கட் ஆயிடுமே?"

"விலா எலும்ப யாருப்பா கேட்டா?"

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்குப் பிள்ள கெளம்புறா. இன்னும் பாதித் துணி மடிக்கல. என்னை ஆள விடுங்க சாமி!" என்று ஜன்னலோரம் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். மகளின் சட்டையை மடியில் போட்டு, அவர் பக்கம் திரும்பி இன்னும் நாலு வார்த்தை திட்டினாள். அவர் சக்கரத்தைக் குறைத்தார். மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அழுத்திவிட்டார்.

மூவரும் பார்த்தார்கள். ஒரு ஓரத்தில் அவள், மறு ஓரத்தில் பாதி நிறைந்த பெட்டி. நெற்றி நரை ஒவ்வொன்றும் தெரிந்தது. கோபத்தில் முகம் சிவந்திருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது. மகள் அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, உன் காதுக்குக் கீழ இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து இருக்கு" என்றாள் அவள். "கேமராவக் கீழ வச்சிட்டு, கொஞ்சம் இங்க பாருங்க."