கவ்வாத்துக் கத்தியின் வெட்டு என்று நினைத்தேன்

எண்பதுகளில் இலங்கையில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்திய துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தேன். துரை லீவில் போகும்போது தன் மீன் தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். அதில் தட்டுப் போல ஒரு திருக்கை, பந்துபோல் உப்பும் ஒரு பேத்தை மீன்.

மறுநாளே திருக்கையின் ஓரத்தில் ஒரு துண்டு, கத்தியால் நறுக்கியதுபோல் குறைந்திருந்தது. தோட்டக்காரர் முத்தையா மேல்தான் எனக்குச் சந்தேகம். எந்நேரமும் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு திரிபவர். ஒருநாள் துரை அவரை ஏசியதிலிருந்து அவர் முகமும் சரியில்லை.

"நீதானேப்பா வெட்டுன?" என்றேன்.

"மீன வெட்டி எனக்கு என்னா அண்ணே ஆகப்போகுது?" என்றார்.

நான் நம்பவில்லை. தொட்டி இருந்த அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் திறந்தால் இன்னொரு துண்டைக் காணோம்! பதறிப்போய், திருக்கையைத் தூக்கத் தண்ணீருக்குள் கையை விட்டேன்.

"கைய எடுங்கண்ணே! வாலுல விஷ முள்ளு இருக்குனு தொர சொன்னாரு!" ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தியது முத்தையாதான்.

நான் கையை இழுக்கவும், வால் கண்ணாடியில் சுளீரென்று அடித்தது. அடுத்த நொடி, என் கண் முன்னாலேயே பேத்தை வந்து திருக்கையின் ஓரத்தை நறுக்கென்று கடித்தது.

முத்தையாதான் வாளி கொண்டுவந்து பேத்தையைப் பிரித்துவைத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கதவைப் பூட்டினாலும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன்.