ஏற்றித் தைத்த ஸ்கர்ட்

போன சனிக்கிழமை எங்கள் மன்னார்குடி டெய்லரிடம் சண்டைக்குப் போனேன். சும்மா இல்லை, நல்ல சண்டை.

“என்ன பாஸ்கர் தைக்கிறீங்க? இது மூணாவது தடவை. மறுபடியும் வலது பக்கம் தொங்குது பாருங்க” என்று மகளின் யூனிஃபார்ம் ஸ்கர்ட்டை மேஜை மேல் போட்டேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் கயல் பக்கத்திலேயே நின்றாள். கடையில் ஆட்கள் இருக்கிறார்களே என்றெல்லாம் நான் பார்ப்பேனா?

பாஸ்கர் ஸ்கர்ட்டைச் சரிபாதியாக மடித்துக் காட்டினார். வலது பக்கம் ஒரு விரல் அளவுக்குக் குட்டையாக இருந்தது.

“நீங்க சொன்னபடி ரெண்டு தடவை ஏத்தித் தச்சுட்டேங்க்கா. அப்படியும் பாப்பா போட்டா தொங்குது. ஸ்கர்ட்டுல ஒண்ணுமில்ல... பாப்பாவை டாக்டர்கிட்ட காட்டுங்க.”

சண்டையை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கர்ட்டைப் பைக்குள் திணித்தேன். ஏன் தெரியுமா? அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை.

எங்கே நின்றாலும் கயல் இடது முழங்காலை மடித்துத்தான் நிற்பாள். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் கேட்டும் விட்டேன். “வயசுக்கு வந்தா எல்லாம் தன்னால சரியாயிடும். பொம்பளப் புள்ள, வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே” என்றார். நானும் ‘அப்பாடா’ என்று இருந்துவிட்டேன். எது கேட்க இதமாக இருக்கிறதோ அதுதானே நமக்கு உண்மை!

அரை மார்க் குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறோம். காலின் நீளம் முக்கால் இஞ்ச் குறைந்தால் மட்டும் டெய்லரிடம் ஓடுகிறோம்... என்ன புத்தி இது?

திங்கட்கிழமை தஞ்சாவூரில் எலும்பு டாக்டரம்மாவைப் பார்த்தோம். கயலை நிற்கவைத்து, வலது பாதத்துக்கு அடியில் மெல்லிய மரப்பலகைகளை ஒவ்வொன்றாக வைத்தார். இடுப்பு இரண்டு பக்கமும் சமமாக வந்தபோது பலகைகளின் உயரம் இரண்டு சென்டிமீட்டர். பிறகு காலுக்கு எக்ஸ்ரே. கூடவே கைக்கும்.

“கைக்கு எதுக்கு டாக்டர்?”

“இன்னும் எவ்வளவு வளருவான்னு கை எலும்பைப் பார்த்துச் சொல்லலாம். வயசுக்கு வந்துட்டாளா?”

“இல்லீங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். வந்தா சரியாயிடும்னு...”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தலைகீழா வச்சிருக்கீங்களேம்மா. வளர்ற வரைக்கும்தான் எங்களால அந்த எலும்பைச் சுலபமா வழிக்குக் கொண்டுவர முடியும். வயசுக்கு வந்தப்புறம் கொஞ்ச காலத்துல வளர்ச்சி நின்னுடும். அப்புறம் பெரிய ஆபரேஷன்தான்.”

சின்ன வித்தியாசம் பல பேருக்கு இருக்குமாம், அதற்கு ஒன்றும் வேண்டாமாம். கயலுக்கு இப்போதைக்கு வலது ஷூவுக்குள் குதிகாலை உயர்த்த ஓர் அட்டை. ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. வித்தியாசம் கூடினால், நீளமான காலின் வளர்ச்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பிடிக்க ஒரு சின்ன ஆபரேஷன். “நேரம் இருக்கும்மா. ஆனா நிறைய இல்ல” என்றார்.

நேரம் நிறைய இல்லாமல் போனதில், நான் சும்மா இருந்த ஒரு வருஷமும் இருக்கிறது.

திரும்பும் வழியில் பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் கயல் வாயைத் திறந்தாள். “அம்மா, அந்த அட்டை வெளியில தெரியுமா?”

“தெரியாதுடா. உள்ளதான் இருக்கும்.”

“நான் தப்பா நின்னு நின்னுதான் இப்படி ஆச்சா?”

“நீ ஒண்ணும் பண்ணலடா. அம்மாதான் லேட் பண்ணிட்டேன்.”

என்னிடம் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. பயமாக இருக்கிறது. காலையில் அவள் எழுந்து நடந்து வரும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, இடுப்பைத்தான் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் வளர்கிற பிள்ளை இருந்தால் வெறுங்காலோடு நேராக நிற்கச் சொல்லி ஒருமுறை பாருங்கள். சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் போங்கள், என் நாத்தனாருக்குப் போன் போடாதீர்கள்.

பெண் பெற்றவர்கள் எல்லாம் பெண் வயசுக்கு வந்த நல்ல சேதி காலாகாலத்தில் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நான் தினமும் விளக்கேற்றிக் கேட்பது ஒன்றுதான் — இப்போதைக்கு வேண்டாம் சாமி, என் பெண் இன்னும் கொஞ்ச நாள் சின்னப் பிள்ளையாகவே இருக்கட்டும்.