ஆர்லிஸ் கோஃபோர்த் தேர்ந்தெடுத்த மருந்து

டென்னசி மலைகளில் லாரல் பள்ளத்தாக்கு என்று ஓர் ஊர். அங்கே செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கிற சுடும் போட்டியில் கோப்பையும் கிடையாது, பணமும் கிடையாது. பரிசு ஒரு காளைமாடு, அதுவும் பங்கு பங்காக. முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு பின்தொடை, அடுத்த இருவருக்கு ஆளுக்கொரு முன்தொடை. ஐந்தாவதாக வருகிறவருக்குத் தோலும் கொழுப்பும். ஆறாவது ஆள் வீட்டுக்குப் போய்ச் சோளரொட்டி தின்ன வேண்டியதுதான்.

ஆர்லிஸ் கோஃபோர்த் பதினோரு வருஷம் தொடர்ந்து ஐந்தாவதாக வந்தவர். பரிசுத் தாளில் ஐந்தாம் வரியில் அவர் பெயரை எழுதிய பிறகுதான் மாட்டையே விலைபேசப் போவார்கள் என்று ஊரில் கேலி உண்டு. கொட்டகையில் உப்புத் தடவிய தோல்கள் பதினொன்று தொங்கின. கொழுப்பைக் காய்ச்சி அவர் மனைவி வெர்லீன் செய்த சோப்பு, புருஷனும் பெண்டாட்டியும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் இந்த ஜென்மத்தில் தீராது.

ஆர்லிஸ் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். ஒரு திருகை முடுக்கினால் கையால் தொட்டுப் பார்ப்பார், கருவியால் அளந்து பார்ப்பார், மறுநாள் காலையில் வந்து மறுபடியும் பார்ப்பார். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கமில்லை அது. துப்பாக்கியையும் அவரேதான் செய்தார். கட்டையை இழைக்க மட்டும் மூன்று வருஷம். அந்தப் போட்டியில் தோட்டா போடுகிற துப்பாக்கிக்கு இடமில்லை. குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த்துணியில் பொதிந்த ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, கோலால் அடிவரை இடித்து, சிக்கிமுக்கிக் கல் தட்டிப் பற்றவைக்கிற பழைய வகைதான். தரையில் குப்புறப் படுத்து, குழலை ஒரு மரக்கட்டைமேல் சாய்த்து, அறுபது கஜத்துக்கு அப்பால் இருக்கிற பலகையைச் சுட வேண்டும். பலகையில் ஒரு பெருக்கல் குறி. அரைமணி நேரத்தில் பத்துக் குண்டு. ஒவ்வொரு துளையும் குறியிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறது என்று அளந்து பத்தையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவர் மேலே.

பதினோராவது தோலை ஆணியில் மாட்டிய அன்று ஆர்லிஸ் உட்கார்ந்து யோசித்தார். கண்ணில் கோளாறில்லை. கை நடுங்கவில்லை. குழல் நேராக இருந்தது. மிச்சம் இருப்பது மருந்து ஒன்றுதான் என்று முடிவுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வெர்லீனுக்கு நிம்மதியில்லை. அந்த இரண்டு வருஷமும் ஆர்லிஸ் போட்டிப் பக்கமே போகவில்லை. ஆராய்ச்சி முடியாமல் சுடுவது சரியல்ல என்றார். நாலு கடைகளிலிருந்து நாலு வகைக் கருமருந்து வாங்கி வந்தார். ஒன்று கடுகு போலக் கரடு, ஒன்று ரவை போல, ஒன்று அதைவிடப் பொடி, இன்னொன்று புகையே வராது என்று கடைக்காரன் சத்தியம் செய்தது. கரடு மெதுவாக எரிந்து கரியைக் குழலுக்குள் அப்பிவிட்டுப் போனது. ஐந்து முறை சுட்டால் ஆறாவது குண்டு உள்ளே இறங்க மறுத்தது. பொடி சுத்தமாக எரிந்தது, ஆனால் ஈரக்காற்று அடித்தால் முகம் கோணியது. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தட்டில் பற்றவைத்து, மிஞ்சிய கறையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தட்டுகள் வெர்லீனுடையவை.

எத்தனை மருந்து போட்டால் முழுதும் எரிகிறது, எத்தனைக்கு மேல் வீண் என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் பனித்தரைக்கு மேலாகச் சுடுவார்களாம். எரியாத மணிகள் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். ஜூன் மாதத்தில் பனிக்கு எங்கே போவது? ஆர்லிஸ் படுக்கை விரிப்பை எடுத்துப் புல்லில் விரித்தார். அது வெர்லீனுக்குக் கல்யாணத்தில் வந்த விரிப்பு. அன்று மாலை அவள் அதைக் கொடியில் தூக்கிப் பார்த்தபோது, கனன்று விழுந்த மணிகள் பொசுக்கி அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"ஆர்லிஸ், இந்த ஓட்டையெல்லாம் எண்ணியாச்சா?"

"நாப்பத்தி மூணு. மருந்து கொஞ்சம் ஜாஸ்தி. நாளைக்கு ஒரு சிட்டிகை குறைச்சுப் பாக்கணும்."

"குறை. இன்னிக்கு ராத்திரி நீ படுக்கப் போறது இதுலதான்."

வெர்லீனின் தம்பி டெல்மருக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கை. அவனும் சுடுகிறவன்தான். கடையில் எது மலிவோ அதுதான் அவன் மருந்து. அளவு என்று தனியாக ஒன்றும் கிடையாது. குண்டை உள்ளங்கையில் வைத்து அது மறைகிற வரை மருந்தைக் கொட்டுவான், அந்த மருந்தை அப்படியே குழலில் சாய்ப்பான். பாட்டன் காலத்து முறை. எந்த வருஷமும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வந்து முன்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு போவான். ஆர்லிஸின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, மருந்துக்கு ஜாதகம் எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்பான். ஒரு தடவைகூட, எந்த மருந்து நல்லது என்று அவன் கேட்டதில்லை. மனசுக்குள் ஆர்லிஸுக்கு அது ஒரு குறை.

மூன்றாம் வருஷம் ஆகஸ்டில் ஆர்லிஸ் முடிவு செய்தார். ரவை போன்ற மருந்தை எடுத்து, மெல்லிய சல்லடையில் சலித்துத் தூசியை நீக்கி, அளவுக்குழாயில் ஐம்பத்தெட்டாவது கோடு வரை. மருந்துக்கு ஏற்றாற்போலக் குண்டும் துணியும் குழலுக்குள் மயிரிழை இடமில்லாமல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார். புல்வெளியில் தொடர்ந்து பத்துக் குண்டு சுட்டார். பத்துத் துளையையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம்.

அந்தக் களிப்பில்தான் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர் ஹப்பர்ட், அக்டோபர் முதல் ஞாயிறு சபை விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவீர்கள் என்று தாளை வைத்துக்கொண்டு கேட்டார். ஒருவர் பீன்ஸ் என்றார், ஒருத்தி ஆப்பிள் பணியாரம் என்றாள். ஆர்லிஸ் எழுந்து நின்று, சபைக்கு முழுக்க மாட்டிறைச்சி தன் பொறுப்பு என்றார்.

போதகர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பிரதர் ஆர்லிஸ், நூத்திருபது பேரு. இறைச்சி கைவசம் இருக்கா?"

"போட்டியில இருக்கு."

வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் செய்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். போதகர் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: நூற்றிருபது பேர் தட்டை நீட்டும்போது ஆளுக்கொரு துண்டு தோல் வெட்டி வைப்பதா? கடையில் வாங்கிக் கொடுத்தாலும் சபைக்குத் தெரிந்துவிடும். அந்த ஊரில் கசாப்புக்கடைக்காரர்தான் பாடகர் குழுவுக்குத் தலைவர்.

போட்டி நாளன்று காற்று இல்லை, ஈரம் இல்லை. மைதானம் ஒபீலியா ஹென்ஸ்லியுடையது. துளைகளை அளப்பதும் அவள்தான். நாற்பது வருஷம் தையல் வேலை செய்த கை. கால் அங்குலத்துக்கு அவளிடம் மேல்முறையீடு கிடையாது. டெல்மர் முதல் சுற்றிலேயே சுட்டுவிட்டான். கூட்டுத்தொகை பதினாலே முக்கால் அங்குலம். கடைசிச் சுற்று வந்தபோது அவன் நாலாவது இடத்தில் இருந்தான். கடைசிச் சுற்றில் ஆர்லிஸ் படுத்தார். கட்டைக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் இருக்கலாம் என்பதால் டெல்மர் புகையிலையை அடக்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தான்.

ஒன்பது குண்டு போனது. ஒன்பதும் சேர்ந்து ஏழரை அங்குலம். பத்தாவதைச் சுமாராகப் போட்டாலே இரண்டாவது இடம், பின்தொடை. நேரமும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்தது.

பத்தாவதுக்கு அளவுக்குழாயை நிரப்பிக்கொண்டிருந்தபோது டெல்மர் கேட்டான். கிண்டலாக இல்லை, நிஜமாகவே.

"மச்சான், கடைசில எந்த மருந்துதான் எடுத்த?"

எத்தனையோ வருஷமாக ஆர்லிஸ் காத்திருந்த கேள்வி அது. அவர் முழங்காலில் எழுந்து உட்கார்ந்தார். கரடு ஏன் ஆகாது என்பதிலிருந்து தொடங்கினார். தூசி கலந்தால் எரிகிற வேகம் எப்படி மாறுகிறது என்றார். மணி எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், நீயே பார் என்று சொல்லி, குழாயில் இருந்ததை டெல்மரின் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். டெல்மர் விரலால் புரட்டிப் பார்த்து, அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். ஆர்லிஸுக்கு உச்சி குளிர்ந்தது. பேசிக்கொண்டே துணியை வைத்தார், குண்டை வைத்தார், கோலால் இடித்து அடிவரை இறக்கினார். குழலின் பின்பக்கத்தில், நெருப்பு உள்ளே நுழைகிற சிறு துளைக்குப் பற்றுவாய் என்று பெயர். அதன் வெளியே இருக்கிற கிண்ணத்தில் பற்றவைக்கிற மைப்பொடியை, அதாவது மை போல அரைத்த மருந்தைத் தூவினார். படுத்தார். குறி பார்த்தார். விசையை இழுத்தார்.

கிண்ணத்தில் புஸ்ஸென்று தீ எழுந்து அடங்கியது. துப்பாக்கி சும்மா இருந்தது.

பற்றுவாய் அடைத்திருக்கும் என்று ஊசியால் குத்தித் துடைத்து மறுபடி பொடி தூவினார். மறுபடியும் புஸ். ஈரமாக இருக்குமோ என்று அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தபோது டெல்மர் மெதுவாகக் கையை நீட்டினான்.

"ஆர்லிஸ், இதை நான் என்ன பண்ணட்டும்?"

உள்ளங்கையில் ஐம்பத்தெட்டுக் கோடு மருந்தும் சலித்த அழகோடு அப்படியே இருந்தது.

கூட்டம் முதலில் புரியாமல் நின்றது. புரிந்ததும் பின்வரிசையில் ஒருவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மருந்தை ஆராய இரண்டு வருஷம் எடுத்த மனிதன் மருந்தே போடாமல் குண்டை இடித்துவிட்டான் என்ற செய்தி மைதானத்தின் அடுத்த கோடி வரை போய், அங்கிருந்து சிரிப்பாகத் திரும்பி வந்தது. ஒபீலியா சிரிக்கவில்லை. துப்பாக்கிக்குப் பக்கத்திலிருந்து முதலில் அந்தக் கையை எடு என்று டெல்மரை அதட்டிவிட்டு, ஏழு நிமிஷம் பாக்கி என்று சொன்னாள். சுடாமல் விட்டாலோ பலகையில் படாமல் போனாலோ பத்து அங்குலம் சேரும். பத்துச் சேர்ந்தால் பதினேழரை. டெல்மருக்குக் கீழே, ஐந்தாவது இடம், பன்னிரண்டாவது தோல்.

உள்ளே சிக்கிய குண்டைத் திருகி இழுக்க ஒரு கருவி உண்டு. அது மருந்து போட மறக்கிற ஆட்களுக்கானது என்று சொல்லி ஆர்லிஸ் எந்நாளும் வாங்கியதில்லை. டெல்மரிடம் இருந்தது. நாலு தடவை மறந்தவன் அவன். ஓடிப்போய் எடுத்து வந்தான். திருகி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். மயிரிழை இடமில்லாமல் பொருந்திய குண்டு அசையவில்லை. ஈயத்தைப் பிய்த்துக்கொண்டு திருகுதான் வெளியே வந்தது. மூன்று நிமிஷம் போனது.

மிச்சம் ஒரே வழி. பற்றுவாய் வழியாக மைப்பொடியை மணி மணியாக உள்ளே தள்ளி அந்தக் குண்டையே சுடுவது. எவ்வளவு போகும், எவ்வளவு வேகம் வரும், எங்கே விழும் என்று ஆர்லிஸின் நோட்டில் ஒரு வரி இல்லை. அவர் டெல்மரின் முகத்தைப் பார்த்தார்.

"நீ இப்படிச் சுட்டிருக்கேல்ல. எங்க விழுந்துச்சு?"

"மொதத் தடவை பாதி தூரத்துல மண்ணுல. அப்புறம் ஒரு தடவை ஊசியால நல்லாத் தட்டித் தட்டி இறக்குனேன். அது பலகையோட கால்ல பட்டுச்சு. ஒரு முழத்துக்கு மேல எறக்கம்."

"நேராப் பாத்தா சுட்ட?"

"நேராத்தான். நீ மேல பாரு. பலகைக்குப் பின்னாடி அந்த வால்நட் மரத்துல முதல் கிளை இருக்குல்ல, அதைப் பாரு."

ஆர்லிஸ் தட்டித் தட்டிப் பொடியை இறக்கினார். எத்தனை மணி என்று எண்ணத் தொடங்கி, பன்னிரண்டில் விட்டுவிட்டார். ஒபீலியா ஒரு நிமிஷம் என்றபோது படுத்து, பலகையை விட்டு மரக்கிளையைக் குறி பார்த்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை, இருமியது. குண்டு போகிறது கண்ணுக்கே தெரிந்ததாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். டொக் என்று ஒரு சத்தம். பலகையின் கீழ்ப்பக்கத்தில் பட்டு, ஒரு குழியை மட்டும் போட்டுவிட்டுக் குண்டு புல்லில் விழுந்தது.

துளை இல்லாமல் குழியை அளக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தன் மைதானத்தில் பட்டது பட்டதுதான் என்று ஒபீலியா ஸ்கேலை வைத்தாள். ஏழு அங்குலம். மொத்தம் பதினாலரை.

டெல்மர் மனசுக்குள் கூட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுடையது பதினாலே முக்கால். கால் அங்குலத்தில் ஆர்லிஸ் நாலாவது, அவன் ஐந்தாவது. கருவியைக் கொடுத்தவனும் மரக்கிளையைக் காட்டியவனும் அவனேதான்.

"வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா முன்தொடை என்னுது," என்றான். பிறகு சற்று யோசித்து, "நான் கேட்டிருக்கவே கூடாது," என்றான்.

நூற்றிருபது பேருக்கு ஒரு முன்தொடை தாராளம் என்று சொல்ல முடியாது. வெர்லீன் அதை விடியலிலிருந்து அடுப்பில் வேகவிட்டு, இழை இழையாகப் பிரித்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் கூட்டிப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வந்த ஒருவரும் வெறுந்தட்டோடு போகவில்லை. போதகர் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, எந்த மருந்தால் ஜெயித்தது என்று ஆர்லிஸிடம் விசாரித்தார். கிடைத்ததைத் தள்ளினேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆர்லிஸ் கரண்டியை எடுத்துக்கொண்டார். டெல்மர் மூன்றாவது தடவையாக வரிசையில் வந்து நின்றான். ஒருவருக்கு இரண்டு தடவைதான் என்று சபையில் வழக்கம். ஆர்லிஸ் பாத்திரத்தின் அடியில் துழாவி, கொழுப்பில்லாத துண்டாக எடுத்து அவன் தட்டில் வைத்தார். அளவு பார்க்கவில்லை.