பெரிய வியாழன் பச்சைத்தண்ணீர்

தாழ்மையைப் பற்றி யாராவது மைக் பிடித்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசுகிறவர் கையில் ஒரு நாளும் விளக்குமாறு இருந்திருக்காது. கொடைக்கானலில் எங்கள் கோயிலுக்கு நான் இருபத்திரண்டு வருஷமாகக் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெருக்குவது, ஒழுகிய மெழுகைச் சுரண்டுவது, சீசனில் வேனில் வருகிறவர்கள் சுவரோரம் செய்துவிட்டுப் போவதைக் கழுவிவிடுவது எல்லாம் என் வேலை. அதில் எனக்கு வெட்கம் கிடையாது. “நீங்க செய்யறதுதான் உண்மையான ஊழியம்” என்று தோளில் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் மேல்தான் ஆத்திரம்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். எங்கள் ஊர்த் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். அதனால் பின்னறையில் அண்டாவில் வெந்நீர் போட்டு, பதமாக விளாவி, ஜக்கும் பேசினுமாக அவர் கூடவே போவது என் பொறுப்பு. அந்தப் பன்னிரண்டு பேரோ வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். கழுவின காலைக் கழுவுவதற்கு வெந்நீர் வேறு. இருந்தாலும் ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் பன்னிரண்டில் ஒருவர் மலைப்பாதை நெரிசலில் மாட்டிக்கொண்டார். எங்கள் பங்குச்சாமியார் வயதானவர், விரல்களில் வாதம். பூசைக்குக் கொஞ்சம் முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

“நீயே உக்காருய்யா. ஜக்கு, பேசினெல்லாம் வேற யாராச்சும் பிடிக்கட்டும்.”

மதியம் மழையில் அடைத்த சாக்கடையில் இறங்கிக் குத்திவிட்ட கால் என்னுடையது. கோயில் கமிட்டித் தலைவர் அதைக் குனிந்து பார்த்தார்.

“நல்லா தேச்சுக் கழுவிட்டு வாங்க. போட்டோ எடுப்பாங்க.”

குழாயடியில் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். பித்தவெடிப்புக்குள் ஏறிய கறுப்பு போகவில்லை, தோல்தான் போனது. திரும்பி வந்தால் என் நாற்காலியில் தலைவரின் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். ஒட்டன்சத்திரத்திலிருந்து விருந்துக்கு வந்த ஆள்.

“நேரமாச்சுல்ல. நீங்க வெரசா தண்ணியக் கொண்டாங்க” என்றார் தலைவர்.

கழுவ வைத்துவிட்டு உட்கார விடவில்லை. பின்னறையில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, பீப்பாயிலிருந்த பச்சைத்தண்ணீரை ஜக்கு நிறைய மொண்டுகொண்டு போனேன். விறைக்கட்டும் பன்னிரண்டு பேரும் என்றுதான் நினைத்தேன்.

முதல் ஆள் வெடுக்கென்று காலை இழுத்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நாலாவது ஆளிடம்தான் உறைத்தது. அவர்களுக்கு ஆளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர். சாமியாரின் கைகள் அத்தனைக்கும் நனைகின்றன. ஏழாவது ஆளுக்கு விரல்கள் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் குதிகாலைத் தாங்கித் துடைத்தார். பின்னறை பத்தடி தூரம். ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்திருக்கலாம். வீம்பு விடவில்லை. மச்சானின் கால் வரைக்கும் பச்சைத்தண்ணீரையே ஊற்றினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த கேவலமான வேலை அதுதான், சாக்கடை குத்தியது அல்ல.

கால் கழுவும் சடங்கு முடிந்து பின்னறைக்கு வந்தவரால் இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்க்க முடியவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன்.

“தண்ணி ஆறிப்போச்சாய்யா?” என்று கேட்டார். நான் தப்பித்துக்கொள்ள வழி விடுகிறார் என்று புரிந்தது.

“ஆறல சாமி. பச்சத்தண்ணியத்தான் எடுத்தேன். வேணும்னுதான்.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். அவர் நீலம் பாரித்த கைகளை நீட்டினார்.

“மரத்துக் கெடக்கு. அந்த வெந்நிய இங்கிட்டு ஊத்து.”

விளாவி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, பேசினில் ஊற்றினேன். கைகளை அமிழ்த்திக்கொண்டு அவர் என் காலையே பார்த்தார். நார் உரசின இடமெல்லாம் சிவந்திருந்தது.

“நீ ஜக்கத் தூக்கிட்டு வந்தப்பவே தெரிஞ்சுச்சு, உன் நாற்காலி போச்சுன்னு. நானும்தான் ஒண்ணும் கேக்கல” என்றார்.

எனக்கு மறுபடியும் ஆத்திரம்தான் வந்தது, அவர் மேலும் என் மேலும். அதற்குள் பேசினில் தண்ணீர் ஆறத் தொடங்கியிருந்தது. இன்னொரு குவளை வெந்நீர் ஊற்றினேன்.