ஒன்பது அடி வட்டம்

அவுஸ்திரேலியாவில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது என்பதை, ஒருவருடைய குசினியைக் கடதாசியில் கெடுத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். கொழும்பில் கட்டடக்கலை படித்தபோது எங்கள் புத்தகங்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை. வெளிச்சம் வேண்டுமென்றால் தெற்கே ஜன்னல் வை என்று அவை சொல்லும். மெல்பேர்ணில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நானும் தெற்கே பெரிய ஜன்னலாக ஒன்று வைத்து வரைந்து கொடுத்தேன். மேலதிகாரி பார்த்துவிட்டு, "இந்த வீட்டு அம்மா ஆயுள் முழுக்க லைட்டைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து, சூரியன் விஷயத்தில் இனி ஒருவரும் என்னை மடக்கக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. பிறகு நடந்தது பாதி அந்த வீம்பால் நடந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மெல்பேர்ணில் எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோயில் கிடையாது. ஒரு செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. அது என் கைக்கு வரும்போது அம்மா போய் மூன்று நாள், எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அப்பா முன்னமே இல்லை. நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைத்தது என் பெரியப்பாவின் மகன். வேலிக் கதியாலை எங்கள் பக்கம் அரை அடி தள்ளி நட்டார் என்று அம்மா ஒன்பது வருடமாக அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. கடைசியில் அவருடைய கையால்தான் அம்மாவுக்கு நெருப்பு.

பின்னால் சின்னம்மாவின் கடிதம் வந்தது. "நீ வந்திருந்தாலும் படலையடி மட்டும்தானே பிள்ளை, வாசலோட சரி, பொம்பிளையள் சுடலைக்கு வாறதில்லை. அதால நீ ஒண்டையும் தவறவிட்டதாக நினைச்சுக் கவலைப்படாதை" என்று எழுதியிருந்தார். ஆறுதலுக்குத்தான் எழுதினார், பாவம். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஊரார் வீடுகளுக்கெல்லாம் அத்திவாரம் எங்கே என்று நான் சொல்லலாம். பெற்றவளை என் கையால் வழியனுப்ப மட்டும் முடியாது. அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. என் கணவரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

நவம்பரில் மல்கிரேவ் என்ற புறநகரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். பெண்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை. ஐம்பது வயதிருக்கும், கணவரைப் பிரிந்தவர். நான் அளவெடுக்கப் போனபோது, வீட்டின் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்ட வேண்டும் என்றார். அதோடு, பின்வளவின் நடுவில் நிற்கும் துணி காயப்போடும் சுற்றுக்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் செங்கல் பதித்து வட்டமான தளம் ஒன்று வேண்டும், ஒன்பது அடி குறுக்களவு என்றார். நாடு மீற்றருக்கு மாறிச் சில வருடமாகிவிட்டது. இரண்டே முக்கால் மீற்றர் என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"இல்லை, சரியாக ஒன்பது அடி. நான்கு திசையும் துல்லியமாகத் தெரியவேண்டும்."

"என்ன தேவைக்கு?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "நாங்கள் விக்கா வழிபாட்டுக்காரர்கள். தேவியைக் கும்பிடுகிறோம். நீங்கள் விட்ச் என்று சொன்னாலும் நான் கோபிக்கமாட்டேன்."

நான் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தேன். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, கையில் தக்காளிக் கன்று. எங்கள் ஊரில் சூனியக்காரி என்றால் பிள்ளைகளை ஒளித்துவைப்பார்கள். இவரிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் தேநீர் புரையேறும்வரை சிரித்தார். அவர் மின்சாரசபையில் பொறியியலாளர். "இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தது செய்வினை பழகவோ? ஊரிலயே ஆள் இருந்தது, சொல்லியிருந்தால் காட்டிவிட்டிருப்பனே" என்றார். ஆனால் தளம் பதித்து முடிந்த வாரம் ஆசிரியை கூப்பிட்டபோது, நான் போனேன். தேவியைக் கும்பிடுகிறோம் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. அம்மா போனபிறகு நான் ஒருதரமும் விளக்கு வைக்கவில்லை.

பறுவத்தன்று, முழுநிலவு நாளில், பொழுது சாயும் நேரம். ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவர் நேர்ஸ், இரண்டு பேர் பல்கலைக்கழக மாணவிகள், மற்றவர்கள் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். ஆண்களுக்கு இடமில்லை. பழைய வோஷிங் மெஷினின் உட்தொட்டியை நடுவில் வைத்து அதில் நெருப்பு வளர்த்தார்கள். வட்டத்தைச் சுற்றி வந்தார்கள். ஏதேதோ பெயர்கள் சொல்லித் தேவியை அழைத்தார்கள். உண்மையைச் சொன்னால், முதல் அரை மணித்தியாலம் எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. அயல்வீட்டில் இறைச்சி வாட்டும் மணம் வேறு வந்துகொண்டிருந்தது.

பிறகு ஆசிரியை ஒரு விளக்கை ஏற்றி, "இந்தத் தடவை நீங்கள் பிடியுங்கள்" என்று என் கையில் தந்தார். பூசகர் என்று தனியாக அங்கே ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஒரு முறை. நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தாறு வயதுவரை நான் போன கோயில்களில் தீபம் எப்போதும் வேறொருவர் கையில்தான் இருந்தது. நான் எட்டி நின்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள். அன்று விளக்கின் சூடு என் விரலில் பட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு பறுவத்துக்கும் போனேன். எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். மாணவிகளில் ஒருத்தி காளியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினாள். நாங்களும் காளியை அழைப்போமா என்று ஒருநாள் கேட்டாள். "எங்கள் ஊரில் அவளைக் கூப்பிட்டால் வந்துவிடுவாள், அதனால் ஒருவரும் சும்மா கூப்பிடுவதில்லை" என்றேன். அத்தோடு அடங்கினாள். ஆனால் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து, இந்த உலகத்தைப் பெற்றவள் ஒருத்தி என்று அந்தப் பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது, எனக்கு அவர்கள் அந்நியராகத் தெரியவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் குசினிக்குள் நின்று, உலையைப் பார்த்துக்கொண்டே அம்மனோடு சண்டை பிடிப்பார். அதே உரிமை இவர்களிடமும் இருந்தது. நம்பிக்கை என்று எனக்குள் ஏதாவது இருந்தால் அது மெல்ல மெல்லத் திரும்பி வந்தது அந்தச் செங்கல் தளத்தில்தான்.

மார்ச் மாதத்தில்தான் வினை வந்தது. அவர்களுடைய புத்தகமும் இங்கிலாந்துப் புத்தகம்தான். இறந்தவர்களை நினைக்கும் நாள் ஒக்டோபர் கடைசி என்று அதில் இருந்தது. அங்கே அது இலையுதிர்காலம். இங்கே மரமெல்லாம் தளிர்க்கிற நேரம். இறந்தவர்களுக்கு உரிய காலம் இங்கே ஏப்ரல் கடைசிதானே என்று நேர்ஸ் கேட்டார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். என் வீம்பு விடவில்லை.

"அப்படியென்றால் சுற்றும் பக்கமும் பிழை" என்றேன். சூரியன் போகிற வழியில் சுற்றவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அங்கே சூரியன் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாகப் போகிறது, அதனால் வலமாகச் சுற்றினார்கள். இங்கே அது வடக்குப் பக்கமாகப் போகிறது. சூரியனோடு போவதென்றால் இடமாகத்தான் சுற்றவேண்டும். அலுவலகத்திலிருந்து சூரியப்பாதை வரைபடத்தையே கொண்டுபோய் மேசையில் விரித்து விளக்கினேன். ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எத்தனை வருடம் நாங்கள் பிழையாகச் சுற்றியிருக்கிறோம்!" என்றார். ஏப்ரல் பறுவத்தில் இறந்தவர்களுக்காக இடமாகச் சுற்றுவது என்று முடிவானது. ஒவ்வொருவரும் தங்கள் இறந்தவருக்காக மூன்று சுற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இடமாகவோ?"

"ஓம். அதுதானே சரி."

"இஞ்சரும், அது கொள்ளி வைக்கிற ஆக்கள் சுத்துற பக்கமப்பா."

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. நான் சுடலைக்குப் போனதே கிடையாது. அவர் போயிருக்கிறார். தன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர். நான் விடாமல் கேட்கக் கேட்க, கறி ஆறிப்போக, ஒவ்வொன்றாகச் சொன்னார். மண் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு மூன்று தரம் இடமாகச் சுற்றவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாம் சுற்றில் குடத்தைப் பின்பக்கமாக விழவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருப்பை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

"திரும்பிப் பாக்காமல் வாறதுதான் கஷ்டம்" என்றார். பிறகு, "நீர் இந்தமுறை போகாதேயும். விளையாட்டில்லை இது" என்றார்.

பகிடி பண்ணுகிற மனுஷன் பயந்துபோய்ப் பேசியதால் எனக்கும் பயம் பிடித்தது. ஒரு கிழமை நித்திரையில்லை. ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்து, நான் சொன்னது பிழை, வலமாகவே சுற்றுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். ரிசீவரைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் சின்னம்மாவின் கடிதம் ஞாபகம் வந்தது. படலையடி மட்டும்தானே. ரிசீவரை வைத்தேன்.

கணவரிடம் போய்ச் சொன்னேன். "நான் போறன். ஆனால் விளையாட்டுக்கில்லை. அம்மாவுக்குச் சுத்தப் போறன். உங்கட பெரியப்பான்ர மகன் சுத்தினால் அது கிரியை, பெத்த பிள்ளை நான் சுத்தினால் விளையாட்டோ?"

"அவர் உம்மட பெரியப்பான்ர மகன்" என்றார் அவர். கோபத்தில் எனக்கு அதுகூடக் குழம்பிவிட்டது. அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஏப்ரல் பறுவத்தன்று அவரே காரில் கொண்டுபோய் விட்டார். மல்கிரேவில் மண் குடத்துக்கு எங்கே போவது? ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கொட்டிலுக்குள் போய் ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்தார். அடியில் மூன்று ஓட்டை ஏற்கெனவே இருந்தது. மெழுகுதிரியை உருக்கி மூன்றையும் அடைத்தார். எதற்கு என்று கேள்வி கேட்கவில்லை. பின்னால் நடந்து வந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மெழுகை எடுப்பது தன் வேலை என்றார், ஆய்வுகூடத்தில் சொல்வதுபோல.

கடைசியாக என் முறை வந்தது. சாடியைத் தோளில் வைத்தேன். முதல் சுற்றில் தண்ணீர் முதுகில் இறங்கியபோது உடம்பெல்லாம் நடுங்கியது. ஏப்ரலில் மெல்பேர்ண் குளிர ஆரம்பித்துவிடும். இரண்டாம் சுற்றில், அம்மா, நான்தான் வந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். மூன்றாம் சுற்றில் சாடி பாதி எடைதான் இருந்தது. பின்பக்கமாக விட்டேன். நானே அளந்து பதிப்பித்த செங்கலில் விழுந்து உடைந்தது. தீக்குச்சி தட்டி, வீட்டிலிருந்து கொண்டுபோன கற்பூரத்தைக் கொளுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொட்டியில் அடுக்கியிருந்த விறகின் மேல் வைத்தேன்.

விறகு பற்றுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவர் சொன்னது உண்மைதான். சுற்றியது கஷ்டமில்லை. வட்டத்திலிருந்து கேற் வரைக்கும் இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியையும் நான் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது.

கார் அங்கேயே நின்றது. அவர் வீட்டுக்குப் போயிருப்பார், கூப்பிடவேண்டும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து, நனைந்த என் தோளைப் பார்த்தார்.

"திரும்பிப் பாத்தனீரோ?"

"இல்லை."

தலையை ஆட்டினார். காரில் ஏறியபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் தடுக்கவில்லை, மெதுவாக ஓட்டினார். வீட்டு வாசலில் நான் கதவைத் திறக்கக் கைப்பையில் திறப்பைத் தேடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதால இல்லை. பின்னால வாரும். வாளியில தண்ணி நிரப்பி மூடி வைச்சிட்டுத்தான் வந்தனான், துவாயும் மாத்துச் சீலையும் இருக்கு. கொள்ளி வைச்ச ஆள் முழுகாமல் வீட்டுக்குள்ள வரக்கூடாது."