ரிப்போட் போடப் போன பெண்கள்

பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் சேவல் காணாமல் போன அன்று, அவர் தலைக்குக் குளித்து, முகத்துக்குப் பவுடர் பூசி, பெட்டியிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கல்யாணமாகி மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. கோயிலுக்கா அக்கா என்று கேட்டேன். "இல்லம்மா, பாலாய்க்கு. ஒரு ரிப்போட் போட்டுட்டு வந்துடுறேன்," என்றார். பாலாய் என்றால் இங்கே போலீஸ் நிலையம். போன வேகத்தில் திரும்பியும் வந்தார். சேவல் கிடைக்கவில்லை, அதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலையும் இல்லை. ரிப்போட் போட்டாகிவிட்டது, மனசு ஆறிவிட்டது. அடையாள அட்டை தொலைந்தால் ரிப்போட், பக்கத்து வீட்டுக்காரன் திட்டினால் ரிப்போட், மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால் அதற்கும் ஒரு ரிப்போட். இந்த ஜனங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போகிற தோரணையைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் திகைப்பு புரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில், போலீஸ் நிலையம் வந்தால் பெண்கள் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்போம். என் அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். மில்லில் சில மூட்டைகள் திருட்டுப் போனபோது விசாரணை என்று ஒரு காலையில் அவரைக் கூட்டிப் போனார்கள். திருடியது அவர் இல்லை என்று ஊருக்கே தெரியும். கூட்டிப் போனவர்களுக்கும் தெரியும். பொழுது சாயும்வரை தரையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் தெரு மொத்தமும் திரண்டு, கட்சிக்காரர் ஒருவரை முன்னால் விட்டு, வாசலில் போய் நின்ற பிறகுதான் விட்டார்கள். வீடு வந்த அப்பா உள்ளே நுழையவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி, கிணற்றடியில் உடுத்திய வேட்டியோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். போலீஸ் நிலையத்துக்குப் போகவே கூடாது, போனால் ஊரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அன்று என் மண்டையில் ஏறிய பாடம்.

இனி என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, பாசார் என்கிற சந்தையில் ஜனம் நெருக்கியடிக்கும் நேரம். நான் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் பாலன் ஓரமாக மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் வேலை, யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர். ஒரு கான்ஸ்டபிள் வந்து ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டார். இவர் சட்டைப் பையில் தேடினார், கால்சட்டைப் பையில் தேடினார். "கொஞ்சம் இருங்க எஞ்சிக்," என்று மலாயில் ஐயா போட்டு மரியாதையாகச் சொல்லி வாய் மூடவில்லை, கன்னத்தில் அறை விழுந்தது. கையிலிருந்த ஹெல்மெட் உருண்டு மீன் கடைக்குக் கீழே போய் நின்றது. மீன்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கான்ஸ்டபிள் எந்த இனம் என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அடித்த கைக்குச் சீருடைதான் உண்டு, இனம் கிடையாது. எந்தப் பாலாய் என்றும் எழுத மாட்டேன். அங்கேயும் நல்லவர்கள் இருந்தார்கள். பாலன் குனிந்து ஹெல்மெட்டை எடுத்தார், என்னை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகும் பேசவில்லை. வேலைக்குப் போவார், பின் சந்து வழியாக வீடு திரும்புவார். பாசார் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் கோயிலில் முதல் பாட்டை எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். ஆள் வந்து கூப்பிட்டால் தலைவலி என்றார். என்னைப் பார்த்துச் சாப்பிடவும் கூச்சப்பட்டார். பெண்டாட்டி கண்ணெதிரே அறை வாங்கிய ஆம்பளை என்ற எண்ணம் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு நியாயம். "மாத்தா அடிச்சாத்தான் நாலு ரௌடிப்பயலுங்க அடங்குவானுங்க லா. தப்பித் தவறி நம்ம மேலயும் ஒண்ணு விழும்," என்றார் ஒருவர். போலீஸ்காரரை இங்கே பழைய ஆட்கள் மாத்தா என்பார்கள். உள்ளூர்க் கட்சித் தலைவர் ஒருவர், தான் பெரிய இடத்தில் பேசி எல்லாவற்றையும் சுமுகமாக முடித்துவைப்பதாகச் சொன்னார். அடி வாங்கியவரிடம் முடித்துவைக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சேவலுக்கு ரிப்போட் போடுகிற ஊரில், என் புருஷனுக்குப் போட ஒரு நாதியில்லையா என்று மாரியாயி அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"போடலாம் வசந்தா. ஆனா நீ செவப்பு ஐசிக்காரி. யோசிச்சுக்க," என்றார் அவர். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை. இருக்க அனுமதி மட்டும் பெற்ற என் போன்றவர்களுக்குச் சிவப்பு. போலீஸோடு மோதினால் அட்டையைப் பிடுங்கிக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில், கடைக்கோடி வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஆன்டியிடம் போனேன். அன்னலட்சுமி என்று பெயர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், பிறகு சொன்னார்: "பிள்ளை, ரிப்போட் எழுத மாட்டன் எண்டு அவையள் சொல்ல ஏலாது. ஆர் மேலயெண்டாலும் எழுதத்தான் வேணும்." அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

ஆனால் நான் எங்கள் ஊர்ப் பெண்தானே. தனியாகப் போவேனா? வீடு வீடாகப் போய் அழைத்தேன். சனிக்கிழமை காலை குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். அன்று பாசாரில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் அதில் பலர். மாரியாயி அக்கா அதே நல்ல சேலையில் வந்தார். பாசாரில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஸைனப் அக்கா, அடி விழுந்ததைத் தன் கடையிலிருந்தே பார்த்தவர், மலாய்க்காரர், கடையை மூடிவிட்டுக் கூடவே நடந்தார். பாலாயை நெருங்கியதும் ஒரு சார்ஜன் படிக்கு ஓடி வந்து கையை விரித்துக்காட்டிக் கத்தினார். என் மலாய் அப்போது காய்கறி வாங்கும் மலாய். ஐந்து பேரைத்தான் உள்ளே போடுவாராம் என்று புரிந்துகொண்டு, முதல் ஆளாக என் இரண்டு கையையும் நீட்டினேன், விலங்கு மாட்டட்டும் என்று. சார்ஜன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டீச்சர் ஆன்டிதான் காதோரம் விளக்கினார். அனுமதியில்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடினால் இங்கே சட்டப்படி குற்றமாம். ஊரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு என்று நான் நினைத்தேன். இந்த ஊரில் அதுவே மாட்டிக்கொள்ளும் வழியாக இருந்தது.

எல்லாரையும் கெடுத்துவிட்டேனே, திரும்பிப் போய்விடலாம் என்றேன். மாரியாயி அக்கா அசையவில்லை. "கூட்டமா வந்தாத்தானே தப்பு? நான் என் ரிப்போட்டப் போட வந்திருக்கேன். இவங்கள்லாம் யாருன்னே எனக்குத் தெரியாது லா," என்று சொல்லி விறுவிறுவென்று படியேறிவிட்டார். அடுத்த நிமிஷம் மற்றவர்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்களாகி, சாலையோர மரங்களுக்குக் கீழே இரண்டு பேர், மூன்று பேர் என்று தள்ளித் தள்ளி நின்றுகொண்டார்கள். ஒருத்தி வெளியே வந்ததும் இன்னொருத்தி உள்ளே போவாள். சேவலுக்கும் கோபித்துப் போன மருமகளுக்கும் ரிப்போட் போட்டுப் பழகிய வாய்கள்! சார்ஜன் மாரியாயி அக்காவைப் பார்த்ததும், இந்தத் தடவை என்ன தொலைந்தது என்று கேட்டாராம். "ஆயேர் மூக்கா," என்றாராம் அக்கா. முகத்தின் நீர் என்று பொருள். மானத்தை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்து நீர் பாசாரில் வைத்துத் தொலைந்துவிட்டது, எடுத்தது உங்கள் ஆள், எழுதுங்கள் என்றாராம். சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தாராம், மறுபடியும் எடுத்தாராம். பிறகு எழுதினார்.

என் முறை வந்தபோது சிவப்பு அட்டையை மேசையில் வைத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தார். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதினார். மத்தியானம்வரை பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியாகப் போன ஸைனப் அக்கா, பாவம் கை வலிக்கும் என்று சார்ஜனுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் எடுத்துக்கொண்டு போனார். அவர் வாங்க மறுத்துவிட்டாராம். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

சில வாரங்கள் கழித்து ஓர் இளம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாலனை எஞ்சிக் பாலன் என்று அழைத்து, நடந்ததைக் கேட்டார். பார்த்தவர்களை எல்லாம் தனித்தனியாக விசாரித்தார். இத்தனை பேர் தனித்தனியாகச் சொல்லியும் ஒன்றுக்கொன்று மாறவில்லையே என்று டீச்சர் ஆன்டியிடம் ஆச்சரியப்பட்டாராம். பிறகு ஒரு ஞாயிறு காலை, எங்களைப் பாசாருக்கு வரச் சொன்னார். பாலன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். நானும் மாரியாயி அக்காவும் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனோம். அதே மீன் கடைக்கு முன்னால், அதே கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்க, "மாஃப், எஞ்சிக்," என்றார். மன்னியுங்கள் என்றார். பாசாரே சத்தம் அடங்கிப் பார்த்தது. பாலன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, மலாய்க்காரர் வழக்கப்படி தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். துறைத் தண்டனை தனியாக உண்டு என்றார் இன்ஸ்பெக்டர். என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் பாலன் நேரே மீன்காரரிடம் போய், பெரிய வஞ்சிரத்தைக் காட்டி, பாசார் முழுக்கக் கேட்கும் குரலில் பேரம் பேசினார் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் எடுத்த பாட்டை ரயில் சத்தத்தால்கூட அமுக்க முடியவில்லை.

ஊருக்கு விலாவாரியாக எழுதினேன். இங்கே ஒரே வாரத்தில் எல்லாருக்கும் பழைய கதையாகிவிட்ட விஷயம், அங்கே அப்பாவுக்கு எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று நினைத்தேன். பதில் வந்தது. "மிக்க மகிழ்ச்சி. மாப்பிள்ளை எந்த மந்திரியைப் பிடித்தார் என்று எழுதவில்லையே," என்று கேட்டிருந்தார். பாலன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் குறும்புக்கு, மூன்று மந்திரிகளைப் பிடித்தோம் என்று எழுதி, மாரியாயி, அன்னலட்சுமி, ஸைனப் என்று பெயர்களையும் போட்டுவிட்டேன். அவர்கள் யார் என்று எழுதவில்லை.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோதுதான் என் குறும்பின் பலன் தெரிந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் எழுந்து நின்று கும்பிட்டார்கள், என் சொந்தத் தெருக்காரர்கள்! மலேசியாவில் மூன்று மந்திரிகளைத் தெரிந்தவள் ஒரு வார்த்தை சொன்னால் இங்கே போலீஸ் கேட்காதா என்று அப்பா அளந்திருக்கிறார். அங்கே நான் சிவப்பு அட்டைக்காரி, இங்கே நான் வெளிநாட்டு அதிகாரி. பிறந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு பிரிக்ஃபீல்ட்ஸை நினைத்து ஏங்கினேன். அந்தப் பெண்கள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எதிர் வீட்டுச் சகுந்தலாவின் புருஷனை விசாரணைக்கு என்று காலையில் கூட்டிப் போயிருந்தார்கள், இன்னும் விடவில்லை. "நீங்க ஒரு போன் போட்டுச் சொன்னா போதும்க்கா," என்று அழுதாள். போன் எல்லாம் வேண்டாம், எழுந்து வாங்க, நானும் வரேன், நேரே போய்க் கேட்போம் என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சகுந்தலா மட்டும் எழுந்தாள்.

இரண்டு பேரும் நடந்தோம். எதிர்ச்சாரிக்கு மாறவில்லை. நிலையத்து வாசலை அடைந்தபோது பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்த அப்பாவின் குரல் கேட்டது.

"வசந்தா! உள்ள போனதும் மொதல்ல மந்திரி பேரச் சொல்லும்மா!"

"சரிப்பா," என்றேன். சகுந்தலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாரியாயி, அன்னலட்சுமி, ஸைனப் என்று மனசுக்குள் சொல்லியபடி, பிறந்த ஊரில் அதுவரை மிதிக்காத அந்தப் படியில் காலை வைத்தேன்.