பதினைந்து நொடி வெளிச்சம்

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருட சர்வீஸ். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘மங்கல்’. அவருடைய கைபேசிதான் அதற்குக் காரணம். திரை வெளிச்சத்தை இதற்குமேல் குறைக்க முடியாது என்ற இடத்தில் வைத்திருப்பார். பதினைந்து நொடி தொடாவிட்டால் அதுவும் அணைந்துவிடும். பேட்டரி சேவர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு யாராவது வாங்கிப் பேசினால், "அண்ணே, இது உயிரோடதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

கஞ்சத்தனம் என்று ஊர் நினைத்தது. விஷயம் தங்கைக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்று நாள் படுத்துவிட்டது. ஐந்தாம் மாடியில் தையல் கடை வைத்திருந்த அம்மாள் துணி மூட்டையோடு எதிரே வந்து இவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "என் முட்டி என்ன இரும்பா? நீங்க ஒரு தடவை தூக்கிட்டு ஏறிப் பாருங்க, தெரியும்."

மறுபேச்சில்லாமல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார் மங்கல். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். தினமும் மாலை ஏழு மணிக்குப் போனில் தையல்காரம்மா பொத்தான் தைத்தபடி பேசுவார், மங்கல் சிரித்தபடி கேட்பார். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பேட்டரியோ அரதப்பழசு. காலையிலிருந்து துளித்துளியாக மிச்சம் பிடித்தால்தான் அந்த ஒரு மணி நேரம் தாங்கும்.

ஒன்றரை வருடம் கழித்துத் தையல்காரம்மாதான் கேட்டார்: "இன்னும் எத்தனை நாளைக்குப் போன்லயே குடும்பம் நடத்துறது?"

பதிவு அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்குத் திருமணம் என்று முடிவானது. அன்று ஒன்பது மணிக்கு மங்கல் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் முப்பது வயதுப் படத்தைக் கைபேசியில் எடுத்துக் காட்டினார். "இதே மாதிரி வெட்டணும்."

சலூன்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிவதற்குள் திரை அணைந்தது. தட்டினார், கத்தரியை எடுப்பதற்குள் மறுபடி இருட்டு. மூன்றாம் முறை அவருக்குப் பொறுமை போய்விட்டது. செட்டிங்ஸுக்குள் போய் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, அரைமணி நேரம் அணையாதபடி வைத்துவிட்டார்.

"ஐயையோ, சார்ஜ் போயிடும்பா."

"கல்யாண நாள்லகூடவா? தலையை ஆட்டாம உக்காருங்க."

முடி அம்சமாக அமைந்தது. போர்த்திய துணியை உதறும்போது கைபேசி கண்ணை மூடிவிட்டது.

பத்தே முக்காலுக்கு மங்கல் பதிவு அலுவலக வாசலில் நின்றார். தங்கையும் தையல்காரம்மாவும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. ஆளைக் காணவில்லை, கேட்கக் கைபேசியும் இல்லை. உள்ளிருந்து புதுக் காவலாளி வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"சார், ரெண்டு பொம்பளைங்க மூணாம் மாடிகிட்ட லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. மெக்கானிக்குக்கு அடிச்சா சுவிட்ச் ஆஃப்னு வருது."

அந்த லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர் மங்கலேதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"கல்யாணப் பொண்ணு," என்றது குரல். "இங்க ஒட்டியிருக்கிறது உங்க நம்பர். பத்து தடவை அடிச்சிட்டேன்."

பக்கத்தில் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதும் கேட்டது.

சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும் லிஃப்ட் சாவியால் கதவைத் திறந்தார். தளத்துக்கு ஒரு முழம் கீழே லிஃப்ட் நின்றிருந்தது. தையல்காரம்மா தன் கைபேசி விளக்கை உயர்த்திப் பிடித்திருந்தார். மங்கல் கை கொடுத்து இருவரையும் மேலே ஏற்றினார். சட்டைக் கையெல்லாம் கிரீஸ்.

"போன் என்னாச்சு?"

"செத்துப்போச்சு. சாயங்காலம் பேசச் சார்ஜே இல்ல."

"சாயங்காலம் நான் பக்கத்துலதான இருக்கப் போறேன்," என்றார் தையல்காரம்மா. மங்கலுக்கு அது அப்போதுதான் உறைத்தது. காதுவரை சிவந்துவிட்டார்.

பதினொன்று பத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் வாழ்த்திவிட்டு, தயங்கித் தயங்கி, "அந்த லிஃப்ட்..." என்று இழுத்தார். மாப்பிள்ளை புதுச் சட்டையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினார். வந்தவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து கேக் தின்றார்கள். தையல்காரம்மா பக்கத்தில் குந்தி விளக்குப் பிடித்தபடி, முந்தின நாள் பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்தார்.